செம்புத் தவலையில் வெங்காய வேர்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும். ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எழுத்து கோணலாக இருப்பதற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது, எனக்கு நாற்பத்தெட்டுதான் ஆகிறது. பயந்தால் கை நடுங்குவது சின்ன வயதிலிருந்தே எனக்கு உள்ளது. இந்த விஷயத்தை நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில், செடிகொடிகளைப் பற்றிய பாடம் நடக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கண்ணாடிச் சில்லுகளைக் கழுவித் துடைப்பது, சவரக்கத்திகளைத் தோல் வாரில் தீட்டி வைப்பது, பிள்ளைகள் அறுத்துப் பார்க்கத் தண்டும் வேரும் கொண்டுவந்து கொடுப்பது. நான் போய்ச் சேரும்போது எனக்கு முப்பத்தைந்து வயது. அதற்கு முன் இரண்டு கடைகளில் இருந்தேன். வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியவில்லை என்று இரண்டிலும் அனுப்பிவிட்டார்கள். இங்கே செடிகளோடுதான் வேலை, பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலை போய்விடக் கூடாதே என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

பயப்படக் காரணமும் இருந்தது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரைப் பரீட்சைக்கு மறுநாள் நிறுத்திவிட்டார்கள். செய்முறைப் பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்திருந்தபோது, வேர்நுனி தயாராக இல்லையாம். என்னையும் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள். “இந்தப் பரீட்சை ஒழுங்கா நடக்கட்டும், அப்புறம் உன்னை நிரந்தரமாப் போடறதப் பத்திப் பேசுவோம்” என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

வேர்நுனியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தட்டு எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போகும்போதும் வரும்போதும் காதில் விழுந்ததும், எல்லாரும் போன பிறகு மைக்ராஸ்கோப்பில் நானே கண்ணை வைத்துப் பார்த்ததுமாகச் சேர்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். செடி முழுவதும் வளர்வதில்லை. மரத்தில் அடிக்கிற ஆணி, மரம் எவ்வளவு உயர்ந்தாலும் அடித்த இடத்திலேயேதான் இருக்கும். உயரமாக வளர்வது குருத்து நுனியில், நீளமாக இறங்குவது வேர் நுனியில். அந்த நுனியை நசுக்கிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், சின்னச் சின்ன அறைகள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கியதுபோல் இருக்கும். சுவர் மெல்லிசு. ஒவ்வொரு அறையிலும் பெரிய பொட்டுப்போல ஒன்று சிவப்பாகத் தெரியும். சில அறைகளில் அந்தப் பொட்டு நூல் நூலாகப் பிரிந்து, ஒரு அறை இரண்டாகிக்கொண்டிருக்கும். கொஞ்சம் மேலே வந்தால் அறைகள் நீண்டு பெரிதாகிவிடும். நடுவில் வெறும் தண்ணீர். பொட்டு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். இன்னும் முதிர்ந்த தண்டில் சுவர் தடித்து, ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு வேலைக்கு என்று ஆகியிருக்கும். தண்ணீர் ஏற்றும் குழாய்களில் உயிரே கிடையாது. செத்துப்போன பிறகுதான் அவை அந்த வேலையைச் செய்கின்றன. வளரும் திசு, நிலைத்த திசு என்று இப்போது தமிழ்ப் புத்தகத்தில் பெயர் போட்டிருக்கிறார்களாம். அப்போது எனக்குப் பெயர் எதுவும் தெரியாது. முதிர்ந்ததை ஸ்பிரிட்டில் போட்டு வருஷக்கணக்கில் வைக்கலாம். பூசணித் தண்டும் ஆமணக்குத் தண்டும் எங்கள் அலமாரியில் போன வருஷத்துப் புட்டிகளில் தயாராக இருந்தன. எங்கள் வழக்கப்படி வேர்நுனியை மட்டும் பரீட்சையன்று காலையில் உயிரோடு கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்கு வெங்காயம்தான் எடுப்பது. அடிப்பாகம் தண்ணீரில் படும்படி வைத்தால் மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கும்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ஒரு பாயின் கடையில்தான் வெங்காயம் வாங்குவேன். நெற்றியில் திருமண்ணோடு நான் அந்தக் கடையில் நிற்பதே அவருக்கு வேடிக்கை.

“வாங்க சாமி. சாம்பாருக்கா, வத்தக்குழம்புக்கா?”

“இல்ல பாய், காலேஜுக்கு.”

“காலேஜுல தின்றதுக்கா?”

“வேர் விட வைக்கறதுக்கு.”

அவர் பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரிடம் திரும்பினார். “கேட்டியாப்பா? நம்ம கடையில வெங்காயம் வேர் விட்டுச்சுன்னா கழிச்சுக் கொட்டுறோம். இவுங்க அத படிப்புன்னு சொல்லி சோறு திங்கிறாங்க.” பிறகு என்னைப் பார்த்து, “கோவிச்சுக்காதீங்க சாமி, நல்லதாவே பொறுக்கித் தரேன்” என்று நல்லதாகவே பொறுக்கித் தந்தார்.

அந்த வருஷம் பரீட்சை மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஒரு வாரம் முன்னால் வைத்த வெங்காயம் நன்றாகவே வேர் விட்டது. ஆனால் பரீட்சகர் வருகிறார் என்று கல்லூரியில் திடீரென்று வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை காலை வந்து பார்த்தால் கண்ணாடிக் குவளைகளிலெல்லாம் சுண்ணாம்பு தெறித்து, தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. வேர் வெந்துபோயிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் இருந்தவரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவது கண்ணில் தெரிந்தது.

பேராசிரியர் சத்தம் போடவில்லை. அவர் கோட்டையருகே மாதா கோயில் பக்கத்தில் குடியிருக்கும் கத்தோலிக்கர், அமைதியானவர். “இன்னும் நாலு நாள் இருக்கே. புதுசா வாங்கி வீட்டுக்குக் கொண்டு போ. இங்க வெச்சா இவனுங்க மறுபடியும் கெடுத்துடுவாங்க. நிழல்ல வை, தண்ணிய தினம் மாத்து, திங்கக்கிழமை காலைல எடுத்துட்டு வா. என்ன?”

“சரி சார்” என்றேன்.

என் வீட்டுக்கு வெங்காயம் வரக்கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருந்தது அண்ணாவின் வீடு. அண்ணா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். பெருமாளுக்கு அமுது செய்கிற கை. வெங்காயம், பூண்டு என்ற வார்த்தைகளைக்கூட அவர் காதுபட யாரும் சொல்லமாட்டோம். இருந்தும், “எங்காத்துல வைக்க முடியாது சார்” என்று ஒரு வரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், இவன் எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். வெங்காயத்தைத் துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது, எதிரே வருகிறவர்களெல்லாம் என் இடுப்பையே பார்ப்பதுபோல் இருந்தது.

கொல்லையில் மாட்டுக் கொட்டில் காலியாகக் கிடந்தது. பசு போய் ஒரு வருஷமாகியிருந்தது. அங்கே வைக்கோலுக்குப் பின்னால் வைப்பதென்று தீர்மானித்தேன். கண்ணாடிக் குவளைகளைக் கல்லூரியிலிருந்து கொண்டுவரவில்லை. வழியில் உடைந்தால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். எதில் வைப்பது? மண்சட்டி இருந்தது. ஆனால் மண் பாத்திரத்தில் வெங்காயம் பட்டால் அதற்குப் பிராயச்சித்தம் கிடையாது, உடைத்துத்தான் போட வேண்டும். சட்டி ஏன் உடைந்தது என்று அண்ணா கேட்பார். உலோகமானால் தோஷமில்லை, புளி போட்டுத் தேய்த்துவிட்டால் சுத்தம். பரணில் ஒரு பழைய செம்புத் தவலை இருந்தது. அதையே எடுத்தேன். முன்னாலேயே ஒரு தடவை தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது என்று புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். தவலையின் வாய்க்குக் குறுக்கே தென்னை ஈர்க்குகளைப் பரப்பி, அதன்மேல் பன்னிரண்டு வெங்காயங்களை உட்காரவைத்து, அடிப்பாகம் நனையும்படி காவேரித் தண்ணீர் ஊற்றினேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேர் முளை கட்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் நெல்மணி அளவுக்கு நீண்டிருந்தது. அன்று சாயங்காலமும் அதே அளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் மாற்றப் போனேன். அப்போதும் நெல்மணிதான். ஒரு வெங்காயத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வேரின் மேல்பாகம் வெளுப்பாகத்தான் இருந்தது. நுனி மட்டும் பழுப்பேறி, குண்டாக, மழுங்கிப்போயிருந்தது. பன்னிரண்டும் அப்படியே. எத்தனையோ வேரைக் கையால் அறுத்தவன் நான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எது வேண்டுமோ அது மட்டும் செத்துப்போயிருந்தது.

மறுநாள் பரீட்சை. புதிதாக வெங்காயம் வாங்கி வைத்தாலும் ஒரே நாளில் வேர் வராது. கொட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், வறட்டி எடுக்க வந்த என் மனைவி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன்னா, என்ன இது?”

நான் தவலைக்கு முன்னால் நகர்ந்து மறைத்தேன்.

“வெங்காயமா? நம்ம கொல்லையிலயா? உங்க அண்ணா தெரிஞ்சுண்டா நம்மள இந்தத் தெருவுலயே இருக்க விடுவாரா?”

“மெதுவாப் பேசேண்டி. காலேஜுக்காக.”

“காலேஜுக்குன்னா காலேஜுல வெச்சுக்கப்படாதா?”

“வீட்ல வையின்னார்.”

“முடியாதுன்னு சொல்றதுதானே?”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “எங்கிட்ட மட்டும் நன்னாப் பேசுவேள். உப்பு ஏன் கூடித்து, புளி ஏன் கம்மின்னு. வெளியில போனா வாயில கொழுக்கட்டை.” பிறகு நான் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள். குரல் இறங்கிவிட்டது. “என்னாச்சு? சொல்லுங்கோ.”

சொன்னேன். நுனி செத்துவிட்டது, நாளைக்குப் பரீட்சை, வேலை போய்விடும் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அந்த வெங்காயங்களைக் கையால் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“இதுல என்ன பார்ப்பா? வேர்தானே?”

“வேர்தான். உயிரோட இருக்கிற வேர்.”

“வெங்காய வேராத்தான் இருக்கணுமோ?”

அதுவரை யாரும் வேறு வேரை வைத்து நான் பார்த்ததில்லை. அவள் உள்ளே போய் ஒரு ஈரத்துணி மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். சுண்டலுக்காகச் சனிக்கிழமை காலையில் நனைத்து, சாயங்காலம் முளைகட்ட வைத்த பச்சைப்பயறு. ஒவ்வொரு பயறிலிருந்தும் வேர் வெளியே வந்து வளைந்துகொண்டிருந்தது. நுனி வெள்ளையாக, கூராக, முறிந்துவிடும்போல் இருந்தது.

“இத எடுத்துண்டு போங்கோ. அந்த அசிங்கத்தையும் எடுத்துண்டு போயிடுங்கோ, ஒண்ணுகூட இங்க இருக்கப்படாது. தவலைய நான் தேய்ச்சுக்கறேன்.”

அன்று முழுவதும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதும், தண்ணீர் தெளிப்பதும், மறுபடி முடிவதுமாக இருந்தேன். பயறு வளரவளர என் பயமும் வளர்ந்தது. வெங்காயம் கேட்டவரிடம் பயறைக் கொண்டுபோய் நீட்டுவதா? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் “சார்” என்ற வார்த்தைக்குமேல் போகவில்லை. அண்ணா மத்தியானம் கோயிலிலிருந்து வந்தவர், “என்னடா, ஜுரமா? முகம் வெளுத்திருக்கே” என்று கேட்டார். “இல்லேண்ணா” என்றேன். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஒரு கையில் பயறு மூட்டையும் இன்னொரு கையில் வெங்காயப் பையுமாக ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். செத்த வெங்காயத்தை ஸ்ரீரங்கத்தில் எங்கே போடுவது என்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். பேராசிரியர் முன்னாலேயே வந்துவிட்டார்.

“வெங்காயம் எங்க?”

பையை மேஜைமேல் வைத்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“என்னய்யா இது? எதுல வெச்ச?”

“செம்புத் தவலையில சார்.”

“செம்பா? எதுக்கு?”

“மண்சட்டின்னா... உடைச்சுடணும் சார். செம்புன்னா புளி போட்டுத் தேய்ச்சுட்டா...”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புருவத்தை நெரித்து என்னையே பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகுதான் புரிந்திருக்க வேண்டும்.

“உங்க வீட்ல வெங்காயம் ஆகாதா?”

நான் தலையசைத்தேன்.

“அத அன்னிக்கே சொல்லக் கூடாதா? வாய் இருக்குல்ல?”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, ஒரு மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு. சொல்ல முடியாததால் பயறு மூட்டையை அவிழ்த்து அவர் பக்கம் தள்ளினேன். அதற்குள் வேர் அரை விரல் நீளத்துக்கு வந்திருந்தது. அவர் ஒன்றை எடுத்து நுனியை அறுத்தார். அமிலத்தில் மென்மையாக்கி, சாயத்தில் போட்டு, விளக்கில் இளஞ்சூடு காட்டி, மேலே கண்ணாடிச் சில்லை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. வாசலில் பரீட்சகர் வந்த வண்டியின் சத்தம் கேட்டது. பேராசிரியரின் கை திருகாணியை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது.

“தட்டுல அடுக்கு” என்றார். அவ்வளவுதான்.

பரீட்சை நடந்த நேரம் முழுவதும் நான் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் ஒரு மைக்ராஸ்கோப்பில் நுனியையும் இன்னொன்றில் பூசணித் தண்டையும் பார்த்து, இது வளர்வது, இது முதிர்ந்தது என்று படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பரீட்சகர் கண்ணாடி போட்ட, குட்டையான மனிதர். ஒரு பையனின் மேஜையில் குனிந்தவர் நிமிர்ந்து, “இது வெங்காயம் இல்லையே?” என்று உரக்கக் கேட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. நான் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் அவரிடம் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் என்னைப் பற்றி இருந்ததா என்று தெரியாது. பரீட்சகர் மறுபடி குனிந்து, நிதானமாகப் பார்த்து, அந்தப் பையனிடம் தமிழில் கேட்டார்.

“அறை பிரியறது எங்க தெரியுது, காட்டு.”

பையன் காட்டினான். “சரி, வரை” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

எல்லாரும் போன பிறகு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். செத்த வெங்காய வேர் ஒன்றை நீளவாக்கில் அறுத்து வைத்திருந்தார். “பாரு” என்றார். நுனியில் அந்த நெருக்கமான சின்ன அறைகள் கலங்கிக் குழைந்து, பொட்டு எதுவும் தெரியாமல் கிடந்தன. கொஞ்சம் மேலே, முதலிரண்டு நாளில் வளர்ந்து முதிர்ந்த இடத்தில், நீண்ட அறைகள் சுவரோடு அப்படியே இருந்தன. “செம்புலேர்ந்து தண்ணியில இறங்கற விஷம் ரொம்பக் கொஞ்சம். நாம குடிச்சா ஒண்ணும் ஆகாது. வளர்ந்து முடிஞ்சதும் தாங்கிடுது. வளர்ற இடத்தால தாங்க முடியல. புளி போட்டுத் தேய்ச்சியே, அதுல இன்னும் ஜாஸ்தி இறங்கியிருக்கும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே இங்கிலீஷில் நாலு வரி. எனக்கு முன்னால் இருந்தவருக்கும் இப்படித்தான் ஒரு கவர் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் வாங்கியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் படிக்கச் சொல்லாமல், சாயங்காலம் வரை கண்ணாடிச் சில்லுகளைக் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவியிருப்பேன். கடைசியில் பேராசிரியர் கதவைப் பூட்ட வந்தபோது, கவரை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

“என்ன இது?”

“என்ன போட்டிருக்குன்னு... படிச்சுச் சொல்லணும் சார்.”

அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நான் எழுதச் சொன்னதை என்கிட்டயே படிக்கச் சொல்றியா? காலைலேர்ந்து இத வெச்சுக்கிட்டா சுத்துற?”

“ஆமா சார்.”

“உன்னை நிரந்தரமாப் போட்டாச்சு. போ, வீட்ல சொல்லு.” இரண்டடி போனவர் திரும்பி நின்றார். “அடுத்த வருஷம் வெங்காயத்த எங்க வீட்டுல வெச்சுக்கலாம். எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.”

வீட்டில் மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாவிடம் வேலை நிரந்தரமானதை மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு, கோயிலிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அதன்பிறகு அவர் கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அடித்துக்கொள்ளும். எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று அவர் எதிரே போய் உட்கார்ந்து, “மழை வரும்போல இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். போன ஐப்பசியில் அண்ணா பரமபதித்துவிட்டார். இனி யாரிடம் பயம் என்று மனைவி கேட்கிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை கிழித்துப்போட்டு இன்று முடித்திருக்கிறேன்.

விய வருஷம், தை மாதம் ஒன்பதாம் தேதி.